அமெரிக்காவில் பெட்ரோல் விலை ஊருக்கு ஊர், பருவத்துக்குப் பருவம் ஏன் மாறுகிறது?

மிசிசிப்பி மாநிலத்தில் பெட்ரோல் போடுகிறவரும் கலிஃபோர்னியாவில் போடுகிறவரும் ஒரே நாளில் கொடுக்கும் விலையில் கேலனுக்கு (ஒரு கேலன் சுமார் 3.8 லிட்டர்) ஒன்றரை டாலருக்கு மேல் வித்தியாசம் இருப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. இருவரின் காரிலும் போவது ஒரே உலகச் சந்தையில் விலை பேசப்பட்ட கச்சா எண்ணெயிலிருந்து வந்த எரிபொருள்தான். அப்படியென்றால் இந்த ஒன்றரை டாலர் எங்கே உருவாகிறது?

கச்சா எண்ணெயின் கணக்கு எளிது. ஒரு பீப்பாய் என்பது 42 கேலன். பீப்பாய்க்கு 1 டாலர் ஏறினால் கேலனுக்குச் சுமார் 2.4 சென்ட் ஏறும். 10 டாலர் ஏறினால் 24 சென்ட். இந்த ஏற்றம் நாடு முழுக்க ஏறக்குறைய ஒரே அளவில் வரும். ஆகவே ஒரு ஊரில் மட்டும் ஒரே வாரத்தில் 50 சென்ட் ஏறினால் காரணத்தை உள்ளூரில்தான் தேடவேண்டும். அப்போது கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த ஊர்த் தொட்டியில் சரக்கு குறைந்தால், அதே தரத்தில் அடுத்த சரக்கு எங்கிருந்து, எத்தனை நாளில் வந்து சேரும்? ஊர்களுக்கு நடுவே உள்ள விலை இடைவெளியில் பெரும்பங்கு இந்தக் கேள்விக்கான பதிலில் இருக்கிறது.

வரியையும் முதலிலேயே பார்த்துவிடலாம். மத்திய அரசின் வரி கேலனுக்கு 18.4 சென்ட். 1993-லிருந்து அது மாறவில்லை. மாநில வரி அலாஸ்காவில் 9 சென்ட்டைச் சுற்றி இருக்கிறது. கலிஃபோர்னியாவின் எக்சைஸ் வரி 2025 ஜூலையில் 61.2 சென்ட் ஆனது. இவை பெரும்பாலும் கேலனுக்கு இத்தனை சென்ட் என்று நிலையாக விதிக்கப்படுபவை. கலிஃபோர்னியா எப்போதும் விலை அதிகமான மாநிலமாக இருப்பதில் இந்த வரிக்குப் பங்கு உண்டு. ஆனால் மார்ச்சில் ஒரு விலை, மே மாதத்தில் ஒரு விலை என்று மாறுவதற்கு நிலையான வரி காரணமாக முடியாது.

கோடைப் பெட்ரோலும் பியூட்டேனும்

பருவத்துக்குப் பருவம் விலை மாறுவது ஏன் என்று கேட்டால் "கோடையில் எல்லோரும் கார் எடுத்துக்கொண்டு ஊர் சுற்றப் போகிறார்கள்" என்பதுதான் பெரும்பாலோர் சொல்லும் பதில். அது பாதி உண்மை. பயணம் உச்சத்தைத் தொடுவது ஜூலை, ஆகஸ்டில். விலை ஏறத் தொடங்குவதோ பல ஆண்டுகளில் பிப்ரவரி கடைசியிலேயே. அந்த இடைப்பட்ட மாதங்களில் ஆலையிலும் தொட்டியிலும் நடப்பதைப் பார்க்கவேண்டும்.

பெட்ரோல் என்பது சுத்திகரிப்பு ஆலையின் வெவ்வேறு யூனிட்டுகளிலிருந்து வரும் பல திரவங்களைக் கலந்து செய்யும் சரக்கு. குளிர்காலத்தில் என்ஜின் உடனே கிளம்பவேண்டுமானால் கலவையில் சுலபமாக ஆவியாகும் பொருள் நிறைய இருக்கவேண்டும். கோடை வெயிலில் அதே பொருள் தொட்டியிலிருந்தும் காரிலிருந்தும் ஆவியாகி வெளியேறி, தரைமட்ட ஓசோன் புகைமூட்டத்துக்குக் காரணமாகிறது. அதனால் 1989 முதல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கோடைப் பெட்ரோலின் ஆவி அழுத்தத்துக்கு உச்சவரம்பு வைத்திருக்கிறது. ரீட் ஆவி அழுத்தம் எனப்படும் இந்த அளவு 37.8 டிகிரி செல்சியஸில் எடுக்கப்படுகிறது. கோடையில் பெரும்பாலான இடங்களில் வரம்பு 9.0 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு). காற்று மாசு அதிகமான சில பகுதிகளில் 7.8. கலிஃபோர்னியாவில் 7-ஐ ஒட்டி. குளிர்காலத்தில், குளிர் கடுமையான பகுதிகளில் 15 வரை போகலாம்.

இதில் முக்கியமான சரக்கு பியூட்டேன். அதன் ஆவி அழுத்தம் சுமார் 52 பிஎஸ்ஐ. ஆக்டேன் எண் (என்ஜினில் எரிபொருள் முன்கூட்டியே வெடிக்காமல் தாங்கும் திறனின் அளவு) நன்றாகவே இருக்கும், விலையோ பெட்ரோலைவிட வழக்கமாக வெகு குறைவு. 8 பிஎஸ்ஐ உள்ள கலவையில் 5 சதவீதம் பியூட்டேன் சேர்த்தால் அழுத்தம் 2 பிஎஸ்ஐக்கு மேல் கூடிவிடும். குளிர்காலத்தில் இது யாருக்கும் தொல்லை இல்லை, பத்து சதவீதம் வரைகூடச் சேர்க்கலாம். கோடைக் கலவையில் ஏறக்குறைய முழுவதையும் எடுத்துவிடவேண்டும். நாளொன்றுக்கு ஒரு லட்சம் பீப்பாய் பெட்ரோல் தரும் ஆலை, இப்படிப் பியூட்டேனை எடுத்ததாலேயே ஏழெட்டாயிரம் பீப்பாய் அளவை இழக்கக்கூடும். அதுவும் தேவை கூடுகிற பருவத்தில். போன அளவையும் ஆக்டேனையும் ஈடுகட்ட ஆல்கைலேட் என்ற திரவம் வேண்டும். ஆவி அழுத்தம் குறைவு, ஆக்டேன் அதிகம் என்பதால் கோடைக்கு ஏற்ற சரக்கு அதுதான். ஆனால் அதைத் தயாரிக்க ஹைட்ரோஃபுளோரிக் அமிலமோ கந்தக அமிலமோ வைத்து இயங்கும் தனி யூனிட் வேண்டும். அந்த யூனிட்டின் கொள்ளளவு அளவானது, செலவும் கூடுதல்.

எத்தனாலும் இங்கே குறுக்கே வருகிறது. 10 சதவீத எத்தனால் கலந்தால் கலவையின் அழுத்தம் சுமார் 1 பிஎஸ்ஐ ஏறும். சாதாரணப் பெட்ரோல் விற்கும் பகுதிகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்த ஒரு பிஎஸ்ஐயைச் சட்டம் விட்டுக்கொடுக்கிறது. காற்று மாசைக் குறைக்கத் தனியாகக் கலக்கப்படும் மறுசீரமைக்கப்பட்ட பெட்ரோல் கட்டாயமான பெருநகரங்களுக்கு அந்தச் சலுகை இல்லை. அங்கே அடிப்படைக் கலவையையே இன்னும் இறுக்கமாகச் செய்யவேண்டும்.

தொட்டி மாற்றம் என்பது வெளியே யாருக்கும் அதிகம் தெரியாத வேலை. மே 1-க்குள் ஆலைகளும் டெர்மினல்களும் (லாரிகளில் சரக்கு ஏற்றித்தரும் சேமிப்புக் கிடங்குகள்), ஜூன் 1-க்குள் பங்க்குகளும் கோடைத் தரத்துக்கு வந்துவிடவேண்டும். இந்தக் கட்டுப்பாடு செப்டம்பர் 15 வரை நீடிக்கும். டெர்மினலில் ஒரு பெரிய தொட்டி. அடியில் 10 சதவீத அளவுக்கு 13.5 பிஎஸ்ஐ உள்ள குளிர்காலச் சரக்கு தங்கியிருக்கிறது. அதன்மேல் 8.8 பிஎஸ்ஐ உள்ள நல்ல கோடைச் சரக்கை 90 சதவீதம் நிரப்பினால் மொத்தக் கலவை சுமார் 9.27-க்கு வந்து நிற்கும். வரம்பு 9.0. தொட்டி முழுவதும் தேறாது. வரம்புக்குள் வரவேண்டுமானால் மேலே ஊற்றுவது 8.5-க்குக் கீழ் இருக்கவேண்டும். அந்தச் சரக்கு கிடைப்பது கடினம், விலையும் அதிகம். ஆகவே டெர்மினல்காரர்கள் மார்ச்சிலும் ஏப்ரலிலும் தொட்டியை அடிமட்டம் வரை இறக்குகிறார்கள். வேண்டுமென்றே இருப்பைக் குறைக்கும் காலம் அது. அதே மாதங்களில்தான் ஆலைகளும் யூனிட்டுகளை நிறுத்திப் பராமரிப்பு வேலை செய்கின்றன. இருப்பு மெலிந்து, உற்பத்தியும் குறைந்திருக்கும் அந்த வாரங்களில் எங்காவது ஒரு யூனிட் எதிர்பாராமல் நின்றால் விலை துள்ளும். ஏப்ரல், மே ஏற்றத்தின் பின்னணி இதுதான்.

இதற்கு நேர்மாறாக 2020 வசந்தம். பெருந்தொற்றால் கார்கள் வீட்டு வாசலிலேயே நிற்க, தொட்டிகளில் குளிர்காலப் பெட்ரோல் விற்காமல் தேங்கியது. காலி செய்ய வழியில்லாததால் கோடைத் தரத்துக்கான கெடுவைச் சுற்றுச்சூழல் முகமை மே 20 வரை தள்ளிவைத்தது.

பின்னால் தரவேண்டிய சரக்குக்கு இப்போதே விலை பேசும் நியூயார்க் முன்பேர வணிகத்திலும் இந்தப் பருவக்கோடு தெரியும். மார்ச் மாத ஒப்பந்தம் குளிர்காலச் சரக்குக்கு, ஏப்ரல் மாத ஒப்பந்தம் கோடைச் சரக்குக்கு. கச்சா எண்ணெய் அசையாமலே இருந்தாலும் மார்ச்சைவிட ஏப்ரல் விலை சில சென்ட்டுகள் மேலே நிற்பது வழக்கம். செப்டம்பரிலிருந்து அக்டோபருக்குப் போகும்போது இது தலைகீழாகும். கோடைப் பெட்ரோலில் எரிசக்தி ஒன்றரை முதல் இரண்டு சதவீதம் வரை அதிகம் என்பதால் மைலேஜில் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும். விலை வித்தியாசத்தை அது ஈடுகட்டாது.

பியூட்டேனுக்கு இருக்கும் வலிமையைக் கலிஃபோர்னியா இரண்டு முறை நேரடியாகவே காட்டியது. லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் கோடைத் தரம் ஏப்ரலில் தொடங்கி அக்டோபர் கடைசி வரை நீளும். 2022, 2023 இரண்டு ஆண்டுகளிலும் செப்டம்பரில் ஆலைக் கோளாறுகளால் விலை எகிறியது. இரண்டு முறையும் செப்டம்பர் கடைசியில் ஆளுநர் கேவின் நியூசம், குளிர்காலக் கலவைக்கு முன்கூட்டியே மாற அனுமதிக்கும்படி மாநிலக் காற்றுவள வாரியத்தைக் கேட்டுக்கொண்டார். மொத்த விலை உடனே சரியத் தொடங்கியது. புதிதாக ஓர் ஆலையும் வரவில்லை. தொட்டிக்குள் பியூட்டேனை விட்டதே போதுமானதாக இருந்தது.

ஒரே குழாய், இரண்டு விலை

தரம் மாறினால் சந்தை சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரிகிறது. அரிசோனாவில் ஃபீனிக்ஸ், டூசான் இரண்டும் சுமார் 180 கிலோமீட்டர் இடைவெளியில் உள்ள ஊர்கள். மாநில வரி ஒன்றே. டெக்சாஸின் எல் பாசோவிலிருந்து வரும் குழாய்வழியில் இரண்டும் இருக்கின்றன. ஆனால் காற்று மாசு காரணமாக ஃபீனிக்ஸ் பகுதிக்குத் தனிக் கலவை கட்டாயம், டூசானுக்கு அது இல்லை. 2023 வசந்தத்தில் ஃபீனிக்ஸுக்கான தனிக் கலவை போதாமல் போனபோது அங்கே விலை டூசானைவிடக் கேலனுக்கு அரை டாலருக்கு மேல் ஏறி நின்றது. டூசான் சரக்கை லாரியில் ஏற்றிவந்து ஃபீனிக்ஸில் விற்கச் சட்டம் இடம் தராது. இடைவெளி அப்படியே நீடித்தது.

தனிக் கலவைகள் காற்றைச் சுத்தமாக்கியிருக்கின்றன, அதில் சந்தேகமில்லை. ஆனால் அதற்கான விலை வெறும் தயாரிப்புச் செலவோடு முடிவதில்லை. ஆபத்தில் பக்கத்து ஊரிடம் சரக்கு வாங்கமுடியாத நிலையும் அந்த விலையில் அடங்கும்.

18 நாள் தூரம்

அமெரிக்கா இன்றும் எரிபொருள் கணக்கை இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் வகுத்த ஐந்து மண்டலங்களாகத்தான் எழுதுகிறது: கிழக்குக் கடற்கரை, மத்திய மேற்கு, மெக்சிகோ வளைகுடாக் கரை, ராக்கி மலைப்பகுதி, மேற்குக் கடற்கரை. நாட்டின் சுத்திகரிப்புத் திறனில் பாதிக்கு மேல் வளைகுடாக் கரையில் இருக்கிறது. டெக்சாஸ், லூசியானா, மிசிசிப்பியில் பெட்ரோல் மலிவாக இருப்பதற்கு முதல் காரணம் அதுவே. ஒரு ஆலை நின்றால் பக்கத்து ஆலை இருக்கிறது, சரக்கு மணிக்கணக்கில் வந்துவிடும்.

கிழக்குக் கடற்கரைக்கு அந்த வசதி இல்லை. அங்கே இருந்த ஆலைகளில் பெரியது, நாளொன்றுக்கு 3,35,000 பீப்பாய் திறன் கொண்ட பிலடெல்பியா ஆலை. 2019 ஜூன் 21-ல் நடந்த வெடிவிபத்துக்குப் பிறகு அது மூடப்பட்டது. இன்று அந்தக் கரை பயன்படுத்தும் எரிபொருளில் சுமார் 45 சதவீதம் ஹூஸ்டனிலிருந்து நியூயார்க் துறைமுகப் பகுதி வரை போகும் கொலோனியல் குழாய்வழியில் வருகிறது. உள்ளே பெட்ரோல் மணிக்கு 5 முதல் 8 கிலோமீட்டர் வேகத்தில்தான் நகரும். ஹூஸ்டனில் ஏற்றியது நியூயார்க் பகுதிக்குப் போய்ச் சேரச் சராசரியாகப் பதினெட்டு நாளுக்கு மேல் ஆகும். வெவ்வேறு தரச் சரக்குகள் நடுவில் தடுப்பு எதுவும் இல்லாமல் ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளப்படுகின்றன. இரண்டும் ஒட்டும் இடத்தில் கலந்துபோன பகுதியைத் தனியே பிரித்து மறுபடி சுத்திகரிப்புக்கு அனுப்பவேண்டும். தரங்கள் பெருகப் பெருக இந்த வீணும் பெருகும்.

2021 மே 7-ல் பிணைத்தொகை கேட்ட கணினித் தாக்குதலால் இந்தக் குழாய் மூடப்பட்டு 12-ம் தேதிதான் மீண்டும் இயங்கத் தொடங்கியது. வடக்குக் கரோலினா, ஜார்ஜியா, வர்ஜீனியா பங்க்குகளில் சரக்கு தீர்ந்துபோனது. நியூயார்க் அவ்வளவாகத் தவிக்கவில்லை. அங்கே துறைமுகம் இருக்கிறது, ஐரோப்பாவிலிருந்து கப்பல் வரும். குஜராத்தின் ஜாம்நகர் ஆலையிலிருந்தும் சரக்கு போவதுண்டு. கரையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் அட்லாண்டா போன்ற ஊர்களுக்குக் குழாயை விட்டால் தொலைவிலிருந்து வரும் லாரிதான்.

ஹூஸ்டனிலிருந்தே கப்பலில் நியூயார்க்குக்கு அனுப்பலாமே என்று தோன்றும். 1920-ல் வந்த ஜோன்ஸ் சட்டம் அதைக் கடினமாக்குகிறது. ஒரு அமெரிக்கத் துறைமுகத்திலிருந்து இன்னொன்றுக்குச் சரக்கு கொண்டுபோகும் கப்பல் அமெரிக்காவில் கட்டப்பட்டதாக, அமெரிக்கருக்குச் சொந்தமானதாக, அமெரிக்க மாலுமிகள் ஓட்டுவதாக இருக்கவேண்டும். அப்படிப்பட்ட எண்ணெய்க் கப்பல்கள் குறைவு, வாடகை அதிகம். வளைகுடாப் பெட்ரோல் மெக்சிகோவுக்குப் போக, நியூயார்க் அட்லாண்டிக்குக்கு அப்பாலிருந்து வாங்குவது பல சமயம் மலிவாக முடிகிறது. பெரிய புயல் வந்தால் அரசு இந்தச் சட்டத்தைச் சில வாரம் தளர்த்துவது அதனால்தான்.

புயல்கள் விலையைத் தொடுவது ஆலைகள் இடிவதால் மட்டுமல்ல. 2005 ஆகஸ்ட் 29-ல் கத்ரினா கரையைக் கடந்தபோது மின்சாரம் போய்க் குழாய்வழியின் பம்ப் நிலையங்களும் நின்றன. தேசியச் சராசரி ஒரே வாரத்தில் கேலனுக்கு 2.61 டாலரிலிருந்து 3.07 ஆனது. 2017-ல் ஹார்வி வந்தபோது நாட்டின் சுத்திகரிப்புத் திறனில் கால்பங்கு அளவுக்கு நின்றது. கடுங்குளிரும் இதே வேலையைச் செய்யும். 2022 டிசம்பர் கடைசியில் வந்த குளிரில் டென்வர் அருகே உள்ள கொலராடோவின் ஒரே ஆலை பழுதாகிப் பல வாரங்கள் மூடிக்கிடந்தது. நாடு முழுக்க விலை மலிவாக இருக்கவேண்டிய குளிர்காலத்தில் கொலராடோ விலை தேசியச் சராசரியைத் தாண்டிப் போனது.

கலிஃபோர்னியா ஏன் தனித் தீவு

மேலே சொன்ன எல்லாமே ஒரே இடத்தில் சேர்ந்தால் கலிஃபோர்னியா. ராக்கி மலைக்கு அந்தப்பக்கத்திலிருந்து பெட்ரோலை உள்ளே கொண்டுவரும் குழாய் ஒன்றும் இல்லை. இருக்கும் குழாய்கள் மாநிலத்திலிருந்து நெவாடாவுக்கும் அரிசோனாவுக்கும் வெளியே கொண்டுபோகின்றன. லாஸ் வேகஸ் விலை கலிஃபோர்னியாவோடு சேர்ந்து ஆடுவது இதனால்தான். 1996 முதல் அந்த மாநிலத்துக்கென்றே தனிப் பெட்ரோல் தரம். அந்தத் தரத்தில் செய்யக்கூடிய வெளி ஆலைகள் உலகில் சிலவே. தென்கொரியாவிலோ இந்தியாவிலோ கப்பலில் ஏற்றினால் வந்துசேர மூன்று, நான்கு வாரமோ அதற்கு மேலோ ஆகலாம். அந்தக் கப்பலை வரவழைக்கும் வணிகருக்கு இன்னொரு பயமும் உண்டு. சரக்கு கரை சேருவதற்குள் பழுதான ஆலை சரியாகிவிட்டால் விலை விழும், நஷ்டம் அவருக்கு. அதனால் விலை நன்றாக ஏறிய பிறகே கப்பல் கிளம்பும்.

2015 பிப்ரவரி 18-ல் டாரன்ஸ் ஆலையில் வெடிப்பு நடந்து அதன் பெட்ரோல் உற்பத்தி ஓராண்டுக்கும் மேல் முடங்கியது. ஆலை மீண்ட பிறகும் பழைய நிலை திரும்பவில்லை. வரி, கார்பன் கட்டணம், தனிக் கலவையின் செலவு எல்லாவற்றையும் கழித்த பிறகும் நாட்டின் மற்ற பகுதிகளைவிடக் கூடுதலாக நிற்கும் தொகை ஒன்றை பெர்க்லி பொருளாதாரப் பேராசிரியர் செவரின் போரன்ஸ்டைன் ஆண்டுக்கணக்காகச் சுட்டிக்காட்டி வருகிறார். "மர்மக் கூடுதல் கட்டணம்" என்பது அவர் வைத்த பெயர். விற்பனையாளர்கள் எண்ணிக்கை குறைவாக இருக்கும் சந்தையில் போட்டி மங்கியிருப்பதே இதற்குப் பெரிய காரணம் என்பது என் கணிப்பு. நிலைமை இன்னும் இறுகும். லாஸ் ஏஞ்சலஸில் ஃபிலிப்ஸ் 66 ஆலையை 2025 கடைசிக்குள் மூடுவதாக 2024 அக்டோபரில் அந்த நிறுவனம் அறிவித்தது. பெனிஷியாவில் வலேரோ ஆலையை 2026 ஏப்ரலுக்குள் நிறுத்தும் திட்டம் 2025-ல் வெளியானது. இரண்டும் சேர்ந்து நாளொன்றுக்கு இரண்டே முக்கால் லட்சம் பீப்பாய்க்கு மேல் திறன் கொண்டவை.

பங்க்கில் நடப்பது

மொத்த விலை ஏறிய அன்றே பங்க்கில் ஏறிவிடுகிறது, தொட்டியில் இருப்பதோ பழைய விலைச் சரக்கு, இது கொள்ளை அல்லவா என்ற கோபம் நியாயமானதாகத் தோன்றும். கணக்கைப் பார்த்தால் படம் மாறும். ஒரு டேங்கர் லாரி சுமார் 8,500 கேலன் கொண்டுவருகிறது. வரி நீங்கலாக 2.60 டாலர் என்றால் 22,100 டாலர். நாளை டெர்மினல் விலை 30 சென்ட் ஏறினால் அடுத்த லோடுக்கு 24,650 வேண்டும். பழைய விலையிலேயே விற்றுத் தீர்த்தவர் கையில் 2,550 டாலர் குறையும். பங்க் உரிமையாளர் விலை வைப்பது அடுத்த லோடை வாங்கத் தேவையான பணத்தை வைத்து.

இறங்கும்போது நடப்பதற்கு இந்தச் சமாதானம் போதாது. மொத்த விலை 30 சென்ட் விழுந்தாலும் பங்க்கில் வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறையும். ஏறும்போது ராக்கெட், இறங்கும்போது இறகு என்று பொருளாதார ஆய்வாளர்கள் 1991 முதல் எழுதிவரும் விஷயம் இது. விலை ஏறும்போது ஓட்டுநர்கள் நாலு பங்க் தேடுவார்கள். இறங்கத் தொடங்கியதும் நேற்றைவிடக் குறைவு என்ற நிம்மதியில் தேடுவதை நிறுத்திவிடுவார்கள். அந்த இடைவெளியில்தான் பங்க்குக்கு நல்ல லாபம். ஆகவே ஊர் ஊராக விலை ஒப்பிடும் செயலியைத் திறக்க உகந்த நேரம், விலை சரிகிற முதல் இரண்டு வாரம்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு இந்த ஆட்டம் அந்நியமாகத் தெரியும். அங்கே 2017 ஜூன் முதல் தினசரி விலை மாற்றம் என்பது முறை. ஆனால் 2022 ஏப்ரலுக்குப் பிறகு பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள் 2024 மார்ச் வரை தாங்களாக விலையைத் தொடவே இல்லை. மாநிலங்களுக்கு நடுவே உள்ள வித்தியாசம் பெரும்பாலும் மதிப்புக்கூட்டு வரியால் வருவது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் அது 13 சதவீதமும் லிட்டருக்கு 11.52 ரூபாயும் என்று ஆனது. சந்தை அதிர்ச்சியை எண்ணெய் நிறுவனங்களின் கணக்குப் புத்தகம் தாங்குகிறது. அமெரிக்காவில் அதைத் தெருமுனைப் பலகை அன்றே காட்டிவிடுகிறது.

அடுத்த சில வாரத்துக்கு விலை எப்படிப் போகும் என்று கணிக்க விரும்புகிறவர்கள் அமெரிக்க எரிசக்தித் தகவல் நிர்வாகம் புதன்கிழமைதோறும் வெளியிடும் இருப்பு அறிக்கையில் தேசிய எண்ணை விட்டுவிட்டுத் தங்கள் மண்டலத்தின் எண்ணைப் பார்க்கவேண்டும். மேற்குக் கடற்கரை மண்டலத்தில் பெட்ரோல் இருப்பு 3 கோடி பீப்பாய்க்கு அக்கம்பக்கமாகவும், அங்கே ஒரு நாள் தேவை சுமார் 14 லட்சமாகவும் இருக்கும்போது அது மூன்று வாரச் சரக்கு. ஆசியாவிலிருந்து கப்பல் வர ஆகும் காலமும் அவ்வளவே, அல்லது அதைவிட அதிகம். அந்த இருப்பிலும் தொட்டியின் அடியிலும் குழாயின் உள்ளேயும் எப்போதும் நின்றே ஆகவேண்டிய பங்கை எடுத்து விற்கமுடியாது. இருப்பு 2.7 கோடியை நோக்கிச் சரிந்து, நாட்காட்டியில் மார்ச்சோ செப்டம்பரோ நடந்துகொண்டிருந்தால், ஒரு சின்ன யூனிட் நின்றாலும் விலை துள்ளும்.